பதினொரு வயது அளவு

கொட்டாரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறோம். கட்டில், அலமாரி, தையல் மிஷின், எது வந்தாலும் எடுப்போம். போய் ஏற்றிவருவது என் வீட்டுக்காரர் கிருஷ்ணமணி. துடைத்து விற்பது நான். செல்லக்கனி கடை என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள்.

மாசி மாதம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஸ்ரீகுமார் என்று ஒருவன் போன் செய்தான். வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போகிறார்களாம், மிச்சச் சாமான்களை எடுத்துக்கொள்ளலாமாம். இவர் போய் ஒரு தேக்கு அலமாரியை ஏற்றிவந்தார். திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் வேலை எப்போதும் அந்த லட்சணம்தான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் பாவாடை சட்டைகள் இருந்தன. பதினெட்டு ஜோடி. எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே அளவு. தையல்கடைக்காரர் வீட்டு மிச்சம் என்று நினைத்தேன். என் மகள் ஆதிராவுக்குப் பதினொரு வயது. பள்ளி ஆண்டுவிழாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து உடுத்திவிட்டேன். நன்றாக ஆடினாள். எந்தக் கடையில் எடுத்தது என்று நாலு பேர் கேட்டார்கள். எனக்குப் பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்து மேல்தட்டைத் துடைக்கும்போது உள்ளே தள்ளி ஓர் ஓலைப்பெட்டி கையில் தட்டியது. கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, சிவப்பு வளையல், ரிப்பன். ஒரு சிறுமியின் பள்ளிக்கூடப் போட்டோ, பின்னால் சிவப்ரியா என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, அதே அளவில் இன்னொரு பாவாடை சட்டை, அதன்மேல் காய்ந்த பிச்சிப்பூ.

கன்னிப்பெட்டி. எடுத்த பூவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு புதுத்துணி வைப்பார்கள். பழையதை அந்த வீட்டுப் பெண்பிள்ளை யாராவது உடுத்துவாள். அங்கே உடுத்த ஆளில்லை போலிருக்கிறது. பதினெட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கின்றன.

நாங்கள் அய்யாவை மட்டும் கும்பிடுகிற அய்யாவழிக்காரர்கள். கன்னிக்கும் மாடனுக்கும் படைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பயமும் கிடையாது என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இப்போது ஆதிராவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. என்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏட்டி, பேசாம ஆத்துல விட்டுருவோம். பிள்ளைக்கு நெத்தியில அய்யா நாமம் போட்டாப் போச்சு" என்றார் இவர்.

"சும்மா இரிங்க. ஒரு தாய்க்க சாமானாக்கும் இது. அன்னைக்கே அலமாரியத் தொறந்து பாத்திருந்தா இந்த எளவெல்லாம் வருமா?"

ஸ்ரீகுமாருக்குப் போன் போட்டேன்.

"தெரிஞ்சுதான் தந்தேன்க்கா" என்றான். "தங்கச்சி பதினொண்ணு வயசுல மூளைக்காய்ச்சல்ல போயி பத்தொம்பது வருசம் ஆச்சு. வருசா வருசம் துணி வைக்க நாள் வந்தா அம்மை ஒரு வாரம் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. திற்பரப்புல முறையா ஆத்துல விட்டாச்சுன்னு சொல்லியிருக்கேன். இப்பத்தான் ஒறங்குகா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், கொண்டு வந்திராதீங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். ஆனால் என் பிள்ளை உடுத்தியாகிவிட்டது. உரியவளிடம் சொல்லாமல் அந்த மயில்கழுத்தை மடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. பெட்டியையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன். அலமாரி ஏற்றப் போன அன்று அவர்கள் கட்டிலை அந்த வாடகை வீட்டில் கொண்டு இறக்கியது இவர்தான், அதனால் விலாசம் தெரியும்.

வாசலில் ஸ்ரீகுமார் வழிமறித்தான். "அக்கா, உங்க காலப் பிடிக்கேன், போயிருங்க."

அதற்குள் அவன் அம்மா மீனாட்சியம்மாள் வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை. என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏலே, ஆத்துல விட்டேன்னு சொன்னியே" என்றாள்.

சொல்லித் தீர்த்துவிடுவது என்று வாயைத் திறந்தேன். "அம்மா, தெரியாம ஒரு தப்பு செஞ்சுட்டேன். மயில்கழுத்துப் பாவாடைய என் மகளுக்கு உடுத்திட்டேன். ஸ்கூல் விழாவுக்கு. அவளுக்கும் பதினொண்ணு வயசு. கோவம் வந்தா என்னையச் சொல்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடனாவது கன்னியாவது என்று பேசிய வாய் உள்ளுக்குள் அய்யா, அய்யா என்று கூப்பிட்டது.

"எறக்கம் சரியா இருந்துதா மக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பாவாடைக்க எறக்கம். பத்தொம்பது வருசமா மனசளவுலதான் தைக்கக் குடுக்கேன். சரியா, தப்பான்னு உடுத்திப் பாத்துச் சொல்ல ஒருத்தரும் இல்ல."

"கணுக்கால் வரைக்கும் கணக்கா இருந்துதும்மா" என்றேன். "இடுப்புதான் கொஞ்சம் லூசு. ஊக்கு குத்திவிட்டேன்."

"அது லூசாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள் அவள். "எங்க சிவப்ரியாவுக்குக் கொஞ்சம் தொப்பை உண்டும்லா."