அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உட்கார்

நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வீட்டில் கேலியாகக் கூப்பிடுவது 'ஜாக்கிரதை'. மாமியாரின் கண் ஆபரேஷனுக்காகப் பெருநகரத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் போனில் பேசி அனுப்பியதைக் கேட்டே மருமகளுக்குக் காது புளித்துவிட்டது. டாக்ஸியில் ஏறுமுன் நம்பரைப் படம் எடு. ஸ்டேஷன் வாசலில் வந்து கையைப் பிடிக்கிற டிரைவரோடு போகாதே. பையை முன்பக்கம் மாட்டு. ரயில் கதவருகே போனை வெளியே எடுக்காதே. ஒரு காலத்தில் அந்த ஊரில் வேலை பார்த்தவள்தான், அதற்காக இப்படியா?

மாமியாரோ மகள் கிழக்கே என்றால் மேற்கே போகிற ரகம். முன்னால் பையைத் தொங்கவிட்டுக்கொள்ள நான் என்ன கங்காருவா என்று கேட்டு, முதுகில்தான் மாட்டிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்கக் கிளம்பினார்கள். மெட்ரோவில் தலை மேல் தலை. பின்னாலிருந்து வந்த கூட்டம் மாமியாரை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் விட்டது. பிடித்திருந்த கை நழுவியது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கட்டு நகர்ந்து போவதை மருமகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியாருக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் பாதிப் பார்வை. போர்டு படிக்க முடியாது. போன் செய்யலாம் என்றால், மாமியாரின் போனும் இவள் பையில்தான் இருந்தது. ஜாக்கிரதை சொன்னதற்கு ஒரு படி மேலே போய், இரண்டு போனையும் சேர்த்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள். தன் புத்திசாலித்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் நாத்தனார் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. பிரிந்துவிட்டால், போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே உட்கார வேண்டும். நின்றவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இரண்டு பேரும் தேடக் கூடாது. அதைக் கேட்டபோது மாமியார், உட்காருவதற்குக்கூட இவளிடம் பாடம் படிக்கணுமா என்று சிரித்திருந்தாள். மகள் சொல்லை ஒருநாளும் கேட்காதவள் இன்றைக்கா கேட்கப்போகிறாள்?

அடுத்த ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழையும்வரை மருமகள் கும்பிடாத சாமி இல்லை.

பெஞ்சில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. மாமியார் பையை முன்பக்கம் போட்டு, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகளுக்குப் போன உயிர் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

"அவகிட்ட சொல்லிடாதே. அப்புறம் அவளைக் கையில பிடிக்க முடியாது" என்றாள் மாமியார்.

மருமகள் கேட்கவில்லை. போனை எடுத்து, மாமியாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"உங்களாலதான் அண்ணி அத்தை கிடைச்சாங்க. உங்களைக் கிண்டல் பண்ணினதுக்கு மன்னிச்சிடுங்க. ஆமா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. ஒவ்வொண்ணும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். அதனாலதான் உனக்குச் சொன்னேன்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. டாக்ஸி, பை, போன், வாசலில் கையைப் பிடிக்கிற டிரைவர். எல்லாம் நாத்தனாருக்கு நடந்தவை.

மாமியார் போனை வாங்கிக்கொண்டாள். "ஏன்டி, அப்பவே எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்துடுன்னு சொல்லியிருப்பீங்கம்மா."

இரண்டு ரயில்கள் வந்து போயின. மாமியார் கட்டில்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்னென்ன சொன்னே? முதல்லேருந்து சொல்லு. கேட்டுக்கறேன்."