கீழே இறங்கிய புள்ளி

இந்த அரபு நாட்டில், ஆங்கில எழுத்தில் இருக்கும் கடைச் சின்னங்களை அரபி எழுத்துக்கு மாற்றி வரைவது என் வேலை. பத்து வருடமாகச் செய்கிறேன். அரபி வாசிக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் எங்கள் அலுவலகத்தில் பிழை பார்க்கும் அக்கா இருக்கிறார். கணினித் திரையில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'சரி' என்று கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு யாரும் படத்தில் கை வைக்கக் கூடாது.

நான் வைத்தேன்.

செடிக்கடை ஒன்று. பெயர் 'நபாத்'. அரபியில் செடிகொடி என்று பொருள். அவர்களுடைய ஆங்கிலச் சின்னத்தில் முதல் எழுத்துக்கு அடியில் குட்டியாக ஒரு பச்சை இலை. அரபியிலோ முதல் எழுத்துக்குப் புள்ளி தலைக்கு மேலே, அடுத்த எழுத்துக்குக் காலடியில். அக்கா கையெழுத்துப் போட்ட பிறகு எனக்குள் இருக்கும் கலைஞன் விழித்துக்கொண்டான். நல்ல நேரம் பார்த்து அவன் விழித்ததே இல்லை. மேல் புள்ளியைக் கீழே இறக்கி இலையாக்கினேன். பக்கத்துப் புள்ளியோடு நெரிசலானது, அதைத் தூக்கி மேலே வைத்தேன். அடடா, என்ன அழகு! பழைய படத்தின் மேலேயே சேமித்து, பலகை செய்பவருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

புள்ளிகள் இடம் மாறியதில் 'நபாத்', 'பனாத்' ஆகிவிட்டது. அப்படியென்றால் பெண்பிள்ளைகள். பலகையில் அதற்குக் கீழே இருந்த அரபி வரி, 'வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்'.

பலகை மாட்டிய மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடைக்கார அம்மாவின் போன் வந்தது. எங்கள் முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"போறவன் வர்றவன் எல்லாம் போர்டைப் பார்த்துட்டு என் பொண்ணுங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒருத்தன் விலை கேட்டான். சின்னவ செடியைத்தான் கேக்குறான்னு நினைச்சு விலையும் சொல்லிட்டா. பக்கத்துக் கடைக்காரர் வந்து அர்த்தம் சொன்னதிலேர்ந்து உள்ள உக்காந்து அழுதுட்டிருக்கா. நீங்கல்லாம் பொண்ணு பிள்ளை பெத்தவங்கதானே?"

முதலாளி பதிவேட்டை அக்கா முன்னால் விரித்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

அக்கா திரையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு மாசமாவே புள்ளியெல்லாம் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது சார். எப்படி விட்டேன்னே தெரியலை. இனிமே எனக்கு இந்த வேலை வேணாம்."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் அந்த ஆளைப் பார்க்காமல் நின்றேன்.

திரும்பி வந்து ஒன்றரை மணி நேரம் வேலை பார்ப்பதாக நடித்தேன். நிமிர்ந்தபோது அக்கா தன் உருப்பெருக்கியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நீங்க பார்த்தது சரியான படம். புள்ளியை அப்புறம் மாத்தினது நான்தான்."

"எதுக்கு?"

"அழகா இருக்கும்னு."

அவர் பையை மேசைமேல் வைத்தார். பிறகு, "போன் வந்தப்பவே தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்க்கா."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். அவர் அதைப் பார்த்தது உறைத்த அளவுக்கு, திட்டியிருந்தால்கூட உறைத்திருக்காது.

"உள்ள போய் அவர்கிட்ட சொல்லு. அப்புறம் ஏணியை எடுத்துக்கிட்டு அந்தக் கடைக்குப் போ. வேற ஆளை அனுப்பாதே தம்பி."

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டியதில் பாதி எழுதத் தகாதது, ஆனால் எல்லாமே நியாயமானது.

கடை வாசலில் ஏணியைச் சாய்த்து ஏறினேன். எதிர்ச் சாரியில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். சின்னவள் வெளியே வந்தாள். பதினேழு வயது இருக்கும், கண் வீங்கியிருந்தது. ஆடிய ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா. மன்னிச்சிரு. அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்."

"உங்களுக்கு இதைப் படிக்கவே தெரியாதா?"

"தெரியாது."

அவள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம் எப்படி எழுதுறீங்க?"

ஏணி உச்சியில் நிற்பவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன். ஏணி மறுபடி ஆடியது. அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.