இருபத்தேழாம் மெஷினின் சிவப்பு விளக்கு

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் பெற்றவர்கள் வைத்த பெயர் வாசலோடு சரி. உள்ளே வந்தால் எதைத் தைக்கிறாளோ அதுதான் பெயர். பையைத் தைப்பவள் பாக்கெட். கையைத் தைப்பவள் கை. இருபத்தேழாம் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் காலர்.

ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மெஷின் பழுதானால் விசையை அழுத்த வேண்டும். விளக்கு எரியும், மெக்கானிக் வருவார், பழுதேட்டில் என்ன பழுது, யார் சரிசெய்தது என்று எழுதிவிட்டுப் போவார். இருபத்தேழாம் மெஷின் நின்றால், அதுவரை தைத்த காலர் துண்டு வராமல் அடுத்து இருக்கும் பத்துப் பேரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் சட்டை குறைந்தால் திட்டு மட்டும் பத்துப் பேருக்கும் குறைவில்லாமல் கிடைக்கும்.

அதனால்தான் காலர் மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்த்து வைத்துக்கொண்டாள். தையல் மெஷினில் மாயம் ஒன்றுமில்லை. ஊசி துணிக்கு அடியில் போய் மேலே ஏறத் தொடங்கும்போது, நூல் துணியில் உராய்ந்து பின்தங்கி, சின்ன வளையமாகப் புடைக்கும். அந்தக் கண்ணிமைப் பொழுதில் கீழே சுழலும் கொக்கியின் மூக்கு வளையத்துக்குள் நுழைந்து அதை, கீழ்நூல் சுற்றிய பாபினைச் சுற்றி இழுத்துப்போகும். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும். கொக்கி மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் வளையம் அகப்படாது, தையல் விட்டுவிட்டு விழும். கொக்கியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கைச்சக்கரத்தை மெல்ல உருட்டி, ஊசி அடியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஏறும் இடத்தில் கொக்கியின் மூக்கை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே நிறுத்தி இறுக்க வேண்டும். நான்கு நிமிட வேலை.

ஆறு வருடமாக அவளுடைய மெஷினை அவளே சரிசெய்தாள். கூப்பிட்டால் மற்றவர்களுடையதையும். ஸ்க்ரூடிரைவர் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் இருந்தது. வீட்டிலும் அதே பழக்கம்தான். குழாய் சொட்டினால் யாரும் பார்ப்பதற்குள் வாஷரை மாற்றிவிடுவாள். "எங்க வீட்டுக் குழாய் சொட்டினதே இல்ல, அப்படி ராசி" என்பான் கணவன், வருகிறவர்களிடம்.

மெக்கானிக் ஓய்வு பெற்றார். இடம் காலியானது. காலர் மனு எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

மேலாளர் பழுதேட்டைப் புரட்டினார். "உன் வரிசையில ஆறு வருஷமா ஒரு பழுதும் இல்லியேம்மா. அந்த மனுஷன் அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டிருக்காரு."

"நான்தான் சார் சரி பண்ணேன்."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கும் இல்லை. விளக்கை எரியவிடாதவள் அவள்தான். "வெளியிலேர்ந்து அனுபவம் உள்ள ஆளா, திங்கக்கிழமை எடுக்கறோம்" என்று அவர் ஏட்டை மூடினார்.

காலருக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊசி ஏறி மரத்துப்போன வலது சுட்டுவிரல் போல உடம்பு முழுக்க ஆகியிருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். அன்று இரவு சோறு வடித்தாள், பாத்திரம் கழுவினாள். குழாய் சொட்டியது. பார்த்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தையல் விட்டுவிட்டு விழுந்தது. காலர் தூக்கைத் திறக்கவில்லை. விசையை அழுத்தினாள். தூசி படிந்த விளக்கு எரிந்தது.

"அட, அது பொம்மை விளக்குன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் பக்கத்து மெஷின் பாக்கெட்.

கால் மணி நேரம் போயிற்று. பத்து மெஷினும் ஓய்ந்தன. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்னம்மா சிலை மாதிரி உக்காந்திருக்க?"

"மெஷின் பழுது சார். மெக்கானிக்க வரச் சொல்லுங்க."

"மெக்கானிக்குக்கு எங்க போவேன்? எப்பவும் நீதான பண்ணுவ? சட்டுனு பண்ணு."

வரிசை முழுக்கக் கேட்டது. "இவருக்கும் தெரியுமாடி!" என்றாள் கை. யாரோ சிரித்தார்கள்.

"பண்றேன் சார். ஏட்ட எடுத்துட்டு வாங்க. யாரு சரி பண்ணாங்கன்னு எழுதுங்க."

"அதெல்லாம் அப்புறம்..."

"அப்புறமே பண்றேன்." கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. உயர்த்த உள்ளே எதுவும் இல்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், குவியாத சட்டைகளைப் பார்த்தார். பிறகு ஏட்டை எடுத்துவந்து எழுதினார். காலர் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத் தூக்கைத் திறந்தாள். நான்கு நிமிடம். துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். தையல் எறும்பு வரிசை போல நேராக விழுந்தது.

சந்தோஷம் வருமா என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

பக்கத்தில் இன்னொரு விளக்கு எரிந்தது. "என் மெஷின்ல ஒரு மாசமா நூல் அறுந்துக்கிட்டே இருக்கு சார். சொன்னா திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள் பாக்கெட். பிறகு கையின் விளக்கு. பிறகு அதற்கடுத்தது. வரிசை நெடுகச் சிவப்பு.

"எல்லாரும் சேர்ந்து என்னைக் கவுக்கறீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"பழுதத்தான சார் பழுதுங்கறோம்" என்றாள் பாக்கெட். "திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்குள்ள ஏட்டுல இவ பேர்லயே ஒரு பக்கம் ரொம்பிடும்."

காலர் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்தாள். பாக்கெட்டின் மெஷின் பக்கத்தில் மண்டியிட்டு, மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைக் கழற்றும்வரை காத்திருந்தாள்.