முட்டை டப்பாவில் ஒரு வெள்ளிக்காசு

பல் லேபில் எல்லோரும் அவளைப் பரபர என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் பொய்ப்பல் செய்து கொடுக்கிற இடம் அந்த லேப். அச்சு ஊற்ற ஒருவர், மெழுகில் பல் அடுக்க ஒருவர் என்று போய், கடைசி மேசை பரபரவுடையது. மெருகேற்றுவதும், பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்ப்பதும் அவள் வேலை. பதினெட்டு வருஷமாகப் பொய்யை நிஜம் போலக் காட்டித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கை மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சாவிக்கொத்தைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருப்பாள். கல்யாண வீட்டில் உட்கார வைத்தால் பக்கத்து நாற்காலியின் ஆணியைத் தேய்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பழைய காசு சேர்க்கும் ஆசை வந்தது. யாரோ ஒரு பல் டாக்டரின் மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காசு இருந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அடுத்த ஞாயிறே சந்தைக்குப் போனாள். தரையில் துணி விரித்து விற்றவன், "இருநூறு வருஷப் பழசும்மா" என்றான். பக்கத்தில் நின்ற ஓர் ஆள் அந்தக் காசை எடுக்கக் கையை நீட்டினான். அவ்வளவுதான். அவனுக்குப் போய்விடுமோ என்று பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்துவிட்டாள். கையை நீட்டினவன் விற்றவனின் தம்பியாக இருக்கும் என்று அவளுக்கு நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது.

வீட்டில் அவள் கணவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். எதையும் நிதானமாகப் பார்க்கிற ஆள். பார்த்துவிட்டு எழுந்து போய், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து பக்கத்தில் காட்டினார். வெள்ளி என்று வாங்கிய காசு டக்கென்று துள்ளி ஒட்டிக்கொண்டது.

அன்று முதல் அது ஃப்ரிட்ஜ் கதவில் குடியிருக்கிறது. தண்ணீர் கேட்டு வருகிற விருந்தாளி ஒருவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் தண்ணீர் குடித்ததில்லை. "இது என்ன விலைன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்று கணவர் ஆரம்பிப்பார். துள்ளி ஒட்டுகிற இடத்தில் விரலால் ஒரு சொடுக்குப் போடுவார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் ஒரு ஜோக் கிடைத்தால் கிழியும்வரை விடமாட்டார். பரபரவும் கூடவே சிரிப்பாள். பிறகு சமையலறைக்குப் போய், ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு தடவை தேய்ப்பாள். மூன்று வருஷம் இப்படியே போனது. ஒரே ஒரு நல்ல காசு வாங்கி மேசையில் வைத்து, அந்த இரும்புச் சனியனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் அவளுக்கு.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். காசு வாங்குமுன் அந்தக் காசைப் பற்றிப் படி. எடை போடு. முகத்தைப் பார்க்குமுன் விளிம்பைப் பார். திருப்பி எடுப்பவனிடம் மட்டும் வாங்கு. எந்தக் காரணத்துக்காகவும் பழைய காசைத் தேய்க்காதே, கழுவாதே. அதன் மேல் படிந்த கறுப்புதான் அதன் வயசு, அது போனால் மதிப்பும் போச்சு. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். அவளை அவளுக்குத் தெரியாதா?

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு காசுக்கடை இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரு வியாழக்கிழமை சாயந்திரம், ராணியின் தலை போட்ட வெள்ளிக்காசு ஒன்றை அவள் முன் வைத்தார். ராணியின் மூக்கு தேய்ந்து, கொண்டை மடிப்புகளில் கறுப்பு படிந்து, மழைக்கால மேகம் போலச் சாம்பல் பூத்திருந்தது.

"முழுப் பணத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும் டைம். பிடிக்கலைன்னா கொண்டாங்க, பணத்தைத் திருப்பித் தரேன். எப்படிப் போச்சோ அப்படியே வரணும், அவ்வளவுதான்."

"யாருக்கும் இப்படிக் கொடுப்பீங்களா?"

"விளிம்பை முதல்ல பாத்தீங்களே, அதனால கொடுக்கறேன்" என்றார் அவர்.

பரபரவுக்குத் தலைகால் புரியவில்லை. படியை இரண்டிரண்டாக இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை லேபில் எடை போட்டாள். புத்தகத்தில் போட்டிருந்ததைவிட ஒரு அரிசி எடை குறைவு. தேய்மானம் என்று மனசு சொன்னது. சந்தைக்காரனின் முகம் குறுக்கே வந்தது. பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். ஓர் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. நாளெல்லாம் வார்ப்பு உலோகத்தோடு கிடக்கிறவளுக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் அப்படித்தான் கோடு விழும். அப்படியானால் இதுவும் வார்த்த காசு. இதுவும் போலி.

எடுத்தாள், வைத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்தாள். பக்கத்து மேசையில் மெழுகில் பல் அடுக்குகிற அண்ணன், "ஏம்மா, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டார்.

கோட்டில் இருப்பது அழுக்கா, பொருத்தா என்று மட்டும் தெரிந்தால் போதும். குச்சியில் பஞ்சு சுற்றி, ஒரு சொட்டு மருந்து தொட்டு, அந்தக் கோட்டை மட்டும் துடைத்தாள். அழுக்கு போனது. கோட்டின் கறுப்பும் போய், அடியில் சின்னதாக ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. பொருத்து இல்லை, ஒன்றுமில்லை, யாரோ எப்போதோ கீழே போட்டதில் விழுந்த கீறல். காசு நல்ல காசு! அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கணவர்.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வரார். அண்ணி இன்னும் நம்ம ஃப்ரிட்ஜ் காசைப் பாக்கல தெரியுமா?"

"வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டா போதும், கதையெல்லாம் வேண்டாம்."

"கதை இல்லாம சாப்பாடு எப்படி இறங்கும்?"

அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், எதிரே மெருகு மோட்டார். பேச்சு முடிந்து போனைக் கீழே வைத்தபோதுதான் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். சாம்பல் நிறக் காசில் ஒரு பளிச்சென்ற இடம் இருந்தால் பதினெட்டு வருஷக் கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? நோட்டைப் படித்தது கண்தானே, கை படிக்கவில்லையே. ராணியின் கொண்டை, கழுத்து, பின்பக்கத்து இலைக்கொத்து எல்லாம் நேற்று அடித்தது போல மின்னின. அரை நிமிஷம், வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் நோட்டில் இரண்டு கோடு போட்ட வரி ஞாபகம் வந்து மோட்டாரை நிறுத்தினாள்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுக் காசைத் தானே வைத்துக்கொள்ளலாம். அப்புறம்? 'இரும்பை வெள்ளின்னு வாங்கினா. வெள்ளியை வாங்கி அவளே பாழாக்கினா.' ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டாவது காசு. இரண்டாவது சொடுக்கு. வேண்டவே வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்டால், 'பாத்தேன், பிடிக்கல, கொடுத்துட்டேன்' என்று கெத்தாகச் சொல்லலாம்.

எப்படிப் போச்சோ அப்படியே வரணும். சரி, வர வைப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டு முட்டையை வேகவைத்து, சூடு ஆறுமுன் மஞ்சள் கருவை உதிர்த்து, காசோடு சேர்த்து டப்பாவில் போட்டு இறுக்கி மூடி லேபுக்கு எடுத்துப் போனாள். முட்டை ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது அவள் தொழிலில் தெரிந்த சமாசாரம். மணிக்கொரு தரம் திறந்து பார்த்தாள். "முட்டை ஓடிடாதும்மா" என்றார் மெழுகு அண்ணன். மூன்று மணிக்கு எடுத்தபோது காசு கரிக்கட்டை மாதிரி இருந்தது. மேடான இடங்களில் விரல் நுனியால் இலேசாகத் தேய்த்துக் கறுப்பை விலக்கி, மடிப்புகளில் விட்டு, ராணியின் கன்னத்தில் அந்தச் சாம்பலைக் கொண்டுவந்தாள். எத்தனை வாய்க்கு நிறம் சேர்த்தவள்! முடித்துப் பார்த்தால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. விளிம்பில் அந்தக் கோட்டைக்கூட மறக்காமல் வரைந்துவிட்டாள்.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மாடிப்படி ஏறினாள். கடைக்காரர் எடை போட்டார். கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். விளிம்பைச் சுற்றினார். பரபர தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தாள்.

"சரி" என்று பணத்தை எடுத்து வைத்தார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம், போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படியில் நின்றிருந்த மூன்றாவது ஆள் அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த ஒரு நர்ஸ். வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். தட்டில் இருந்த ராணியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இதைத்தான் சார் ஒரு மாசமா தேடறேன். என் முதல் காசு. பாக்கலாமா?"

செல்போனைத் திறந்து, எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எடை. சரி. காந்தம். ஒட்டவில்லை. விளிம்பு. பரபர வரைந்த கோட்டை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "கீறல்தான், இல்ல சார்?" என்றாள். அந்தப் பெண் கேட்ட எல்லாக் கேள்விக்கும் காசு சரியாகப் பதில் சொன்னது. பரபர மறுபடி ஜிப்பைத் திறந்து மூடினாள். நகர்ந்து போகலாம் என்றால் வழியில்லை.

"இவங்க ரெண்டு நாள் வச்சுப் பாத்தாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க" என்றார் கடைக்காரர்.

நர்ஸ் திரும்பினாள். "அப்படியா? நல்ல காசாத்தான் தெரியுது. நீங்க ஏன்க்கா திருப்பிக் கொடுத்தீங்க?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. பரபரவின் நோட்டிலும் இல்லை. பிடிக்கல என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண் பதிலை நம்பி, கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். சந்தையில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது பரபரவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாங்காதீங்க" என்றாள். "காசு நல்லதுதான். நான்தான் கெடுத்துட்டேன். மோட்டார்ல போட்டுத் தேய்ச்சுட்டேன். மேல இருக்கறது பழைய கறுப்பு இல்ல, இன்னிக்குக் காலையில நான் ஏத்தினது."

கடைக்காரர் காசை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார்.

"எதுல ஏத்தினீங்க?"

"முட்டையில."

அவர் கத்தவில்லை. பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காசை அவள் பக்கம் தள்ளினார். "எனக்கே தெரியல" என்றார். பாராட்டு மாதிரி இருந்தது, ஆனால் பாராட்டு இல்லை. "இனிமே நீங்க வந்தா இங்கயே பாத்து, இங்கயே வாங்கணும். வீட்டுக்குத் தரமாட்டேன்."

நர்ஸ் மேசை மேல், பரபரவின் கைக்குப் பக்கத்தில் இருந்த தன் கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மோட்டார், முட்டை, கோடு வரைந்தது, கைப்பை வரைக்கும். அவர் எழுந்து காந்தத்தைக் கொண்டுவந்தார். சந்தைக்காசு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. ராணியின் பக்கத்தில் காட்டினார். ராணி அசையவில்லை.

"அப்ப நிஜமாவே நல்ல காசைத்தான் வாங்கியிருக்க."

"ஆமா."

"அதைத் தேய்ச்சுட்டு, ஒண்ணுமே ஆகாத மாதிரி பண்ணி, அந்த ஆள்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்த."

"ஆமா." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நாளைக்கு உங்க அண்ணி வரும்போது இதையும் சொல்லுங்க. முட்டையை விட்டுடாதீங்க, அதுதான் நல்ல இடம்."

அவர் சொடுக்குப் போடவில்லை. அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு காந்தத்திலிருந்து சந்தைக்காசைப் பிய்த்து எடுத்து, அலமாரி இழுப்பறையில் பழைய சாவிகளுக்கு அடியில் போட்டு மூடினார். வெறும் காந்தத்தை ஃப்ரிட்ஜ் கதவில் திரும்ப வைத்தார்.

"இனிமே இந்தக் கதை வேண்டாம்" என்றார். "ரெண்டுமே வேண்டாம்."

மூன்று வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அவர் போய் வெகுநேரம் ஆன பிறகும் பரபர ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.