உடையாத பூட்டு

பூட்டுக்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டு அலமாரிக்குச் சாவி போட வேண்டுமானால் புருஷன், பெண்டாட்டி இருவரும் எதிரில் நிற்க வேண்டும். ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தருக்குத் திறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்ட சட்டம். இருபது வருஷமாக யார் கெஞ்சியும் அது வளைந்ததில்லை.

அன்று காலை வளைந்தது. கூப்பிட்டவர் சொந்தத் தங்கையின் புருஷன்.

"சாவி எங்கயோ தொலைஞ்சுபோச்சு மச்சான். துப்பாக்கி உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்து ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டா நிம்மதி."

மாப்பிள்ளை ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தவர். சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ். போன வாரம் மேனேஜர் அவரைத் தூங்குமூஞ்சி என்று ஏசி, அத்தனை பேர் பார்க்க வாசலிலேயே சீருடைச் சட்டையைக் கழற்ற வைத்து, பனியனோடு வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வாயிலிருந்து நிம்மதி என்ற சொல் வந்ததே பூட்டுக்காரருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"தங்கச்சி எங்க மாப்ள?"

"வேலைக்குப் போயிட்டா."

போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கை பைக்குள் போய்த் திரும்பி வந்தது. ஊரே நம்பாமல் விரட்டிய மனுஷனை நாமும் திருடனைப் போலச் சோதிப்பதா என்று தோன்றியது. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசில் இடி விழ.

பல் வெட்டாத புதுச் சாவியைத் துளையில் விட்டு முறுக்கினார். தழும்பு பட்ட இடத்தை அரத்தால் ராவினார். நாலாவது தடவையில் பூட்டு திறந்துகொண்டது. மரியாதைக்கு உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

நல்ல செய்தியைச் சொல்லலாமே என்று தங்கையைக் கூப்பிட்டார்.

"சாவி தொலையலண்ணே. ஒரு வாரமா என் கழுத்துல கட்டி வெச்சிருக்கேன்."

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எதையும் பார்க்கவில்லை. 'அவர் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கணும், ஸ்டேஷனுக்குத்தான்' என்று வழியெல்லாம் புலம்பினார்.

கிடங்கு வாசலில் கூட்டம் நின்றது. மேனேஜர் அன்று லீவு. குறுக்கே போய், "வேணாம்ணே, வீட்டுக்குப் போங்க" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்த எடைமேடைக்காரர் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தார். தினமும் அவரோடு சோறு பகிர்ந்து தின்ற ஆள்.

கூட்டம் அதற்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது. மேனேஜரின் திமிர் என்றார் ஒருவர். கோபக்காரன் கையில் துப்பாக்கியைக் கொடுத்த சர்க்கார் என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பூட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதுவாவது ஒன்று போதும் என்று இருந்தது அவருக்கு.

மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "அலமாரியை உடைச்சு எடுத்தேன்கிறாரு. வேற யாருக்கும் சம்பந்தம் இல்லையாம்."

மச்சானைக் காப்பாற்றிவிட்டார் மாப்பிள்ளை. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பூட்டுக்காரருக்கு ஒரு நொடி உயிர் வந்தது.

வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"பூட்டு உடையலையேண்ணே" என்றாள்.

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கழுத்துக் கயிற்றை அறுத்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது இன்னும் அவள் உடம்புச் சூட்டோடு இருந்தது.

பூட்டுக்காரர் திரும்ப உள்ளே போனார். சாவியை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் தன் அரத்தையும் வைத்தார்.

"என்னய்யா இது?"

"அலமாரிச் சாவி சார். இது தொலையவே இல்ல. இன்னொண்ணு நான் போட்டுக் குடுத்தேன்."