மல்லிகை ஆட்டோவுக்கு லாரி ஹாரன்

எங்கள் சந்தின் வாயில் ஒரு வண்டி நுழையும் அகலம்தான். அதில் ஞானதாஸ் சார் தன் காரை நிறுத்திவிட்டு ஏழு மணிவரை தூங்குவார். பத்து நாளைக்கொருமுறை வரும் தண்ணீர் லாரிக்கு மட்டும் எழுந்துவந்து நகர்த்துவார். அவர் வீட்டிலும் குடம் இருக்கிறதல்லவா.

சந்துக்குள் இருக்கும் நாச்சிமுத்துவுக்கு லோடு ஆட்டோ. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் சித்தையன்கோட்டைத் தோட்டத்தில் மல்லிகையை ஏற்றி, விலை இறங்குவதற்குள் மார்க்கெட் சேர்க்க முடியும். தினமும் ஹாரனை அழுத்திக் கெஞ்சுவான். போன மாதம் ஒருநாள் சார் ஜன்னலைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"என்னப்பா நாச்சிமுத்து, கோழிக்குஞ்சு வளக்குறியா? கீச்சு கீச்சுங்குது. செத்த நேரம் பொறு."

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் செத்த நேரம் முக்கால் மணி ஆனது. தோட்டக்காரர் மூட்டைகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார். இனி அந்த வண்டிதான் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே நாச்சிமுத்து ஹாரன் வாங்கக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்று நானும் ஏறிக்கொண்டேன். இறங்க மனம் வரவில்லை.

கடையில் சேக் பரீது பாய் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்ட, இவன் மகளுக்குப் பட்டு எடுப்பவனைப் போல யோசித்தான். பாட்டுப் பாடும் ஹாரனை, "இது கல்யாண வீட்டுக்கு" என்று தள்ளினான். இரட்டைக் குழல் ஒன்று அலறியதும் எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது.

"இதக் கட்டுங்க பாய்."

"அண்ணே, இது தண்ணி லாரிக்காரங்க வாங்குறது. ஆட்டோ தாங்காது."

"தாங்க வேண்டியது ஆட்டோ இல்ல பாய், அந்த ஆளு."

சீட்டுக்கு அடியில் காற்றுப் பம்பு, முன்னால் இரட்டைக் குழல். மறுநாள் ஐந்தரைக்கு அழுத்தினான். தெருவே குடத்தோடு ஓடிவந்தது. சார் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு காரை நகர்த்தி, நாலு குடத்தை வரிசையில் வைத்து நிமிர்ந்தார். லாரியைக் காணோம். நாச்சிமுத்து ஆட்டோவை உருட்டி வந்து அவர் அருகில் நிறுத்தினான்.

"ரொம்ப நன்றி சார். குஞ்சு வளந்து சேவலாயிருச்சு."

இதற்கும் சிரித்தேன்.

"இனி எந்த ஹாரனுக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டார் சார். காதில் பஞ்சு வைத்துப் படுத்தார். இரண்டு நாள் நாச்சிமுத்து ஏழு மணிவரை அலறவிட்டான். கார் அசையவில்லை. பெண்கள் அவனைத்தான் வைதார்கள்.

மூன்றாம் நாளும் அலறியது. யாரும் எழவில்லை. "எடுபட்ட பய, ஆரம்பிச்சுட்டான்" என்று பக்கத்து வீட்டுக் கௌசல்யா படுக்கையிலிருந்தே திட்டினாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது நான் மட்டும்தான். நிஜமான தண்ணீர் லாரி, காரைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றிருந்தது. நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். நான் ஆறு குடத்தையும் சந்து வாய்க்கே தூக்கிப்போய்ச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டேன். லாரி போய்விட்டது.

ஏழு மணிக்குத் தெருப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பது காலிக் குடங்கள் சார் வாசலில் இறங்கின.

"நாச்சிமுத்துன்னு நெனச்சேன்மா..."

"மறிச்சு நின்ன காரு உங்களுதா, அவனோடதா?" என்றாள் கௌசல்யா.

இப்போது கார் ரேஷன் கடைப் பொட்டலில் வெயில் காய்கிறது. நாச்சிமுத்து வேறு தோட்டம் பிடித்துவிட்டான். வழி திறந்தே கிடந்தாலும், சார் வாசலைத் தாண்டும்போது தினமும் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் போகிறான்.

அன்றைக்கே கதவைத் தட்டி நான் சாரை எழுப்பியிருக்கலாம். எனக்குத் 'தெருக் கேமரா' என்று பெயர் வைத்தவர் அவர். கேமராவுக்கு எங்கே பேச வரும்?