பதினொரு நிமிடக் குரல்

வாப்பாவின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது பஸ்லா மேசைக்குக் கீழே குனிந்து, கணினியின் ப்ளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

முன்கூடத்தில் ஆண்கள் கலிமா சொல்லும் சத்தம் எழுந்தது. அறைக்குள் கூடியிருந்த பெண்கள் அழுதார்கள். சத்தம் படிகளில் இறங்கி, ஒழுங்கையைக் கடந்து, காலிக்குப் போகும் பெரிய வீதியின் பஸ் ஹோர்ன்களுக்குள் போய் மறைந்தது. மேசை மேலிருந்த பழைய கணினி மட்டும் தன்பாட்டில் விழித்தது. "வெல்கம்" என்று நீலத்தில் காட்டியது. அடுத்த நொடியே "லோகிங் ஒஃப்" என்று வெளியே தள்ளிவிட்டது.

"என்ன புள்ள செய்றாய்? ஒண்ட வாப்பாவக் கொண்டு போறாங்க!"

வாப்பாவின் தங்கை அர்பா மாமி அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள். எழும்பிய அவசரத்தில் பஸ்லாவின் தலை மேசை விளிம்பில் இடித்தது. நன்றாக வலித்தது. அந்த வலியைச் சாட்டாக வைத்துத்தான் அன்றைக்கு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

வாப்பா மீரா சாஹிப் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் முப்பத்தொரு வருடம் நின்றவர். நின்றவர் என்பதைவிடக் கதைத்தவர் என்பதுதான் சரி. தமிழ், சிங்களம், தேவைப்பட்டால் கொஞ்சம் இங்கிலீஷ் என்று மாறி மாறிக் கதைப்பார். கல்யாணச் சேலை எடுக்க வந்து நிறத்துக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மாமியாரையும் மருமகளையும் ஒரே சேலைக்குச் சம்மதிக்க வைத்து அனுப்புவார். வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. "கடையில வித்தது காணாதா, வீட்டிலயும் விக்கணுமா?" என்று உம்மா கைருன்னிஸா சலித்துக்கொள்வாள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்று வந்தது. பதினாலு மாதத்துக்கு முன் குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டி, கணினியோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கொப்பியில் எழுதிக் காட்டினார்: "கைருவுக்குக் கொஞ்சம் கதச்சி வெச்சீக்கிறன்." இப்பவே போடுங்களேன் என்று உம்மா கேட்டாள். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "நான் ஈக்கக்கொள்ள அது என்னத்துக்கு?" என்று எழுதி, கொப்பியை மூடிவிட்டார். அதற்குப் பிறகும் அவள் எத்தனையோ தடவை கேட்டாள். அதே பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவார்.

வேறெங்கும் அந்தக் குரல் இல்லை. அவர் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் இருந்த உம்மாவின் போன் போன வருடம் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது.

போன கிழமை அவருடைய விரல்களுக்கு பாஸ்வேர்ட் அடிக்கவும் வலு இருக்கவில்லை. மூன்று தடவை பிழையாக அடித்துவிட்டு பஸ்லாவைப் பார்த்தார். அவர் கொப்பியில் எழுதிக் காட்ட, அவளே அடித்துத் திறந்து கொடுத்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல்தான் அவள் யூடியூபில் தேடினாள். பாஸ்வேர்ட் கேட்காமல் கணினியைத் திறக்க வைக்க இரண்டே நிமிடம் போதும் என்றான் ஒருவன், சிரித்த முகத்தோடு. ரெஜிஸ்ட்ரிக்குள் போ என்றான். எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று கணினி தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் இடம் அது. அங்கே ஒரு வரியில் பாஸ்வேர்டை எழுதச் சொன்னான். பஸ்லா அதை எழுதினாள், பிழையாக வேறொரு வரியில் இருந்ததையும் அழித்துவிட்டு அங்கேயும் எழுதினாள். அன்றிலிருந்து கணினி எல்லோரையும் வரவேற்கிறது, ஒருவரையும் உள்ளே விடுவதில்லை.

"அப்டேட் ஒண்டு ஓடுது வாப்பா," என்று அவரிடம் பொய் சொன்னாள். மறுநாள் கொப்பியில், கோணல்மாணலாக, "அப்டேட் முடிஞ்சா?" என்று எழுதினார். இன்னும் இல்லை என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டார். நாலாவது நாள் கேட்கவில்லை. இன்றைக்கு விடியற்காலை சுபஹு பாங்கு சொல்லி முடிய அவருடைய மூச்சு நின்றது.

ஆட்கள் குறைந்த பிறகு உம்மா கட்டிலில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். இத்தா தொடங்கிவிட்டது. இனி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களுக்கு முன் வரமாட்டாள்.

"மகள், அதப் போடுங்க," என்றாள்.

எதை என்று பஸ்லா கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, உம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோவை, பிழையான வரியை, அப்டேட் என்று சொன்ன பொய்யை. உம்மா ஏசுவாள் என்று காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

"அப்ப இனிக் கேக்க ஏலாதா?" என்று மட்டும் கேட்டாள் உம்மா.

அர்பா மாமியின் மேல்மாடியில் நபீஸ் என்பவன் வாடகைக்கு இருந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணினிகளைப் பார்ப்பவன். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பியவனை மாமி அப்படியே கையோடு கூட்டிவந்தாள். காற்சட்டை விளிம்பில் மண் காயாமல் இருந்தது. கணினியை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து, காலையில் வாப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்தார்கள். உம்மா அறைக்குள், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

தலையிடி, காய்ச்சல், கால் சுளுக்கு எல்லாவற்றுக்கும் பனடோல் கொடுப்பதுபோல, கணினி பார்க்கிறவர்களிடமும் ஒரே ஒரு மருந்துதான் இருக்கும். நபீஸும் அதைத்தான் முதலில் சொன்னான்.

"ஃபோர்மட் பண்ணினா லேசு தங்கச்சி."

"பண்ணினா உள்ளுக்கு ஈக்கிறது?"

"போயிடும்." அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான், "இல்ல, வேண்டாம். இந்தப் பென் டிரைவால திறந்து, தேவையான ஃபைல மட்டும் கொப்பி பண்ணித் தாறன். என்ன பேர் போட்டீக்கி?"

பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப ஒவ்வொண்டாப் போட்டுக் கேட்டுத்தான் பாக்கணும்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "அர்பா, அவர்ட்டச் சொல்லுங்க, கேக்க வேணாம். அது எனக்குண்டு கதச்சி வெச்சது. கதவ மட்டும் திறந்து தரட்டும்."

நபீஸ் எழுந்து, கணினியின் பின்பக்கத்திலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, சுருட்டி, பஸ்லாவின் கையில் கொடுத்தான். பிறகு பென்னைச் செருகி வேலையைத் தொடங்கினான்.

திரை கறுத்தது, வெளுத்தது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து நெடுநேரம் பார்த்தான். நெற்றியைத் தடவினான்.

"எல்லாம் சரியாத்தானே ஈக்கிது. பிழை ஒண்டும் இல்லையே."

பஸ்லா குனிந்து திரையைப் பார்த்தாள். பிழை இருந்தால் திருத்தலாம். இல்லாத பிழையை யார் திருத்துவது? பிழையாக எழுதியது தான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வரி எங்கே போனது?

"ஆ, நான் ஒரு மடையன்," என்றான் நபீஸ். "இது என்ட பென்னுக்குள்ள ஈக்கிற ரெஜிஸ்ட்ரி. வாப்பாடது அல்ல." வாப்பாவின் டிஸ்க்கில் இருந்ததைத் தேடி எடுத்துத் திறந்தான். வரிசையாக வரிகள் இறங்கின. ஒன்றில் அவன் விரல் நின்றது. "உள்ள வந்தவுடனே எதத் தொடங்கணும்னு இதுலதான் எழுதி ஈக்கணும். இதுல வேற என்னமோ ஈக்கிதே. கைரு எண்பத்தெட்டா? அப்பிடி ஒண்டக் கொம்பியூட்டர் எங்க தேடும்? அதுதான் வெளிய போட்டுடுது."

"அது வாப்பாட பாஸ்வேர்ட்," என்றாள் பஸ்லா மெதுவாக.

திரைச்சீலை அசைந்தது. "என்ன சொன்ன அவர்?"

தன் அண்ணிக்கு அர்பா மாமிதான் சொன்னாள். "ஒங்கட பேர்தான் மச்சி. என்ட நானா ஒங்கட பேரத்தான் பூட்டுக்குப் போட்டு வெச்சீக்கார். நீங்க கல்யாணம் முடிச்ச வருசமும் ஈக்கிது."

நபீஸ் தலையைக் குனிந்துகொண்டே அந்த வரியை அழித்தான். அழிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. பஸ்லா பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருக்க வேண்டியதை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, இரண்டு தடவை வாசித்து, மூடினான். பென்னைக் கழற்றிவிட்டுக் கணினியைத் திரும்பப் போட்டான்.

"வெல்கம்" வந்தது. பஸ்லா கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை. மாமி மூச்சை இழுத்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றபோதுதான் திறந்தாள். வாப்பா வைத்திருந்த கிரிக்கெட் மைதானத்தின் படம் திரை முழுக்கப் பச்சையாக விரிந்திருந்தது.

நபீஸ் அதற்குமேல் எதையும் தொடவில்லை. "நான் வாறன் தங்கச்சி," என்று எழுந்தான். செருப்பை மாட்டும்போது திரைச்சீலைப் பக்கம் பார்க்காமல், "ஆன்ட்டி, சரியாயிட்டு," என்றான். நல்ல பிள்ளை என்று மாமி அன்றிலிருந்து அவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் தண்ணீர் மோட்டரை நிறுத்த மறப்பதையும் அதோடு மன்னித்துவிட்டாள்.

ஒலிப்பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினொரு நிமிடம். ஒப்பரேஷனுக்கு முதல் நாளின் திகதி. கணினியை மறுபடி அறைக்குள் கொண்டுபோய் வைத்து, பஸ்லா ஸ்பீக்கரை மாட்டினாள். அர்பா மாமி, தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த சோற்றையும் கறியையும் மேசையில் மூடி வைத்துவிட்டு, மாலை மஃரிப் தொழுகைக்கு முன் வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தாள்.

"நீங்க வெளிய இரிங்க மகள்," என்றாள் உம்மா. பஸ்லா பதிவை ஓடவிட்டு, திரைச்சீலைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள்.

"கைரு."

பதினாலு மாதம். அந்தக் குரலில் இருந்த லேசான கரகரப்பைக்கூட பஸ்லா மறந்துபோயிருந்தாள். மறந்துபோனோம் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பதிவு பழுதாகிவிட்டது, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தபோது குரல் திரும்ப வந்தது.

"சோறு திண்டியா?"

மறுபடியும் அமைதி. உள்ளே உம்மா விம்முவது கேட்டது.

"பொய் சொல்லாத."

விம்மல் சட்டென்று நின்றது. குரல் வேறேதோ சொல்லிக்கொண்டு போனது.

"மகள்," என்று உம்மா கூப்பிட்டாள். "முதல்லருந்து போடுங்க. நான் வெளங்காம உட்டுட்டன்."

பஸ்லா உள்ளே போய் முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை உம்மா அவளை வெளியே போகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணினித் திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கைரு."

"ஓ," என்றாள் உம்மா, சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதுபோல.

"சோறு திண்டியா?"

நேற்று இரவிலிருந்து ஒரு வாய் தண்ணீருக்கு மேல் எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை.

"திண்டன்," என்றாள்.

"பொய் சொல்லாத."

"இல்லங்க, திண்டன்."

குரல் தனக்குள் சிரித்தது. கடையில் வாடிக்கையாளர் விலை கேட்டுவிட்டு, வேறு கடையில் குறைவு என்று சொல்லும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "நான் பஸ்லாட்டக் கேக்கிறன். மகள், ஒண்ட உம்மா திண்டாவா?"

அவர் விட்டு வைத்த இடைவெளி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாட்களில் பஸ்லா அவரிடம் பொய்யைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

"இல்ல வாப்பா," என்றாள். "திங்கல்ல."

"ம்," என்றது குரல். "அதான பாத்தன்."

உம்மா கையை நீட்டினாள். திரையைத் தொடப்போவதுபோல வந்து, தொடாமல் நின்றது.

"மகள், இத நிப்பாட்டி வைங்க," என்று எழுந்தாள். "நான் திண்டுட்டு வாறன். இல்லாட்டி மிச்சத்தக் கதக்க மாட்டார்."